அட்சதை விழும் நேரம்

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரான கல்யாண விசிடி எதையாவது இன்று போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை அழைப்பு தெளிவாக இருக்கும். மணமேடையில் புரோகிதர் மந்திரம் சொல்வது வரை படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு யாரோ 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று குரல் கொடுப்பார். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார். நாலு பக்கமும் இருந்து அட்சதையும் பூவும் பறக்கும்.

அந்த இடத்தில் படம் உடையும். முகங்கள் சதுரம் சதுரமாகக் கலையும். பெண்ணின் புடவை எது, பின்னால் நிற்கும் அத்தையின் கன்னம் எது என்று சொல்ல முடியாது. சில வினாடிகள்தான். அட்சதை தரையில் விழுந்ததும் எல்லாருக்கும் முகம் திரும்பி வந்துவிடும். அதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும்.

தட்டில் கீறல் என்று நினைத்து வேட்டி நுனியால் துடைத்தவர்கள் உண்டு. பிளேயரை மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் கோளாறு தட்டிலும் இல்லை, பிளேயரிலும் இல்லை. அது கணக்கில் இருந்தது.

விசிடி என்ற வடிவத்தை 1993ல் பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிடா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் வகுத்தன. பாட்டு கேட்பதற்காக 1982ல் கடைக்கு வந்த அதே குறுந்தட்டு, அதே வேகத்தில் சுற்ற வேண்டும். ஆனால் பாட்டுக்குப் பதிலாக 74 நிமிடம் படம் ஓட வேண்டும். அப்படி அடைத்தால் படத்துக்குக் கிடைப்பது வினாடிக்கு 1,150 கிலோபிட் மட்டுமே. இந்த ரேஷனில் காலம் தள்ள ஒரு தந்திரம் உண்டு. ஒவ்வொரு பிரேமையும் முழுதாக எழுதாமல், முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிக்கொள்வது. புரோகிதர் மந்திரம் சொல்லும்போது மாறுவது அவர் உதடுகள்தான். சிக்கனம் பலிக்கிறது. ஆயிரம் அரிசி ஆயிரம் திசையில் பறக்கும்போது படத்தின் ஒவ்வொரு மூலையும் மாறுகிறது. ரேஷனோ அதே 1,150. மூன்று மணி நேரக் கல்யாணத்தில் எந்த வினாடிக்காக கேமராக்காரரைக் கூப்பிட்டார்களோ, அந்த வினாடியை எழுத இடமில்லை.

இதை 2002லேயே கண்டுபிடித்துச் சொன்னவர் செம்பூரில் ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் இருக்கிறார். உரத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். தெரிந்தவர்களுக்கு அண்ணாச்சி. இதற்காக அவர் ஒருநாளும் கடை வைத்ததில்லை. தன் தங்கையின் கல்யாண கேசட்டில் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்ததைப் பார்த்துத் தொடங்கியவர். பிறகு உறவினர்கள் வந்தார்கள், உறவினர்களின் பக்கத்து வீட்டார் வந்தார்கள்.

மும்பைத் தமிழர்களுக்கு கேசட் என்பது மற்ற ஊர்க்காரர்களைப் போல ஆசைக்குப் பார்க்கிற பொருள் அல்ல. கல்யாணம் பெரும்பாலும் ஊரில்தான் நடந்தது. திருநெல்வேலியிலோ பாலக்காட்டிலோ சேலத்திலோ. தாராவியில் தோல் பட்டறையில் இருந்தவருக்கு லீவு கிடைக்காது. மாதுங்காவில் டைப்பிஸ்ட்டாக இருந்தவருக்கு லீவு கிடைத்தாலும் ரிசர்வேஷன் கிடைக்காது. போனவர் ஒருவர், போகாதவர் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரின் கல்யாணம் ஒரு மாதம் கழித்து ரயிலில், துணிப் பைக்குள் சுருட்டி வைத்த கேசட்டாக வந்து சேரும். தாராவியில் டிவியும் விசிஆரும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்குக் கிடைத்த காலம் அது. ரஜினி படம் இரண்டு, நடுவில் சித்தப்பா மகள் கல்யாணம். பத்துக்குப் பத்து அறையில் இருபது பேர் உட்கார்ந்து அட்சதை போட்டார்கள்.

கேசட்டுக்கு எதிரிகள் நிறைய. முதல் எதிரி மும்பையின் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் சொட்டும் இந்த ஊரில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் ஏறும். அதைத் தெரியாமல் விசிஆரில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து போடுகிற கேசட்டுக்கும் பரவும். ஒரு வீட்டின் பூஞ்சணம் இன்னொரு வீட்டின் கல்யாணத்துக்கு வந்துவிடும் என்பதால், அண்ணாச்சி வந்த கேசட்டை எல்லாம் முதலில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துத்தான் பார்ப்பார். இரண்டாவது எதிரி, ஒரே நாளில் வந்தது. 2005 ஜூலை 26. சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மீத்தி நதி கரை மீறியது. தாராவி, சயான், கிங்ஸ் சர்க்கிள் எல்லாம் தண்ணீருக்குள். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் கேசட் வைத்திருந்தவர்கள் அடுத்த வாரம் மொட்டை மாடியில் அதைத் துணியோடு சேர்த்து வெயிலில் காயப் போட்டார்கள். அப்பளம் போல வளைந்த கேசட்டுகள் அவை.

அண்ணாச்சி கம்ப்யூட்டர் வாங்கியது மகனின் படிப்புக்காக. லாமிங்டன் ரோட்டில் ஒரு நாள் முழுக்க அலைந்து அதற்கு டிவி ட்யூனர் கார்டு ஒன்றும் சிடி ரைட்டர் ஒன்றும் வாங்கி வந்தார். விசிஆரிலிருந்து மூன்று ஒயர்: மஞ்சளில் படம், சிவப்பிலும் வெள்ளையிலும் சத்தம். கேசட் ஓட ஓட கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். மூன்று மணி நேர கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓடியே ஆக வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது. ஒரு மணி நேரப் படம் ஹார்ட் டிஸ்க்கில் 10 ஜிபிக்கு மேல் பிடிக்கும். அப்போதைய விண்டோஸ் 98, ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் ஏற்காது. எனவே கல்யாணத்தைத் துண்டு துண்டாகத்தான் ஏற்ற வேண்டும். பிறகு அதை விசிடிக்கு ஏற்றபடி மாற்றுவது. ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் பால்காரர் வரும்போதும் அந்தக் கோடு 80 சதவீதத்தில் நிற்கும்.

கடைசியில் 'ரைட்' செய்வது. அதற்கு எல்லாரிடமும் இருந்தது நீரோ என்ற மென்பொருள். 1997ல் ஜெர்மனியில் வந்தது. ரோம் எரிந்தபோது பிடில் வாசித்ததாகச் சொல்லப்படும் மன்னனின் பெயரை, தட்டை எரிக்கும் வேலைக்கு வைத்த குறும்பு. திரையில் அதன் சின்னம் எரிகிற கொலோசியம். (கொலோசியம் கட்டப்பட்டதே நீரோ செத்த பிறகுதான் என்பது வேறு விஷயம்.) எழுதத் தொடங்கிய லேசர் பாதியில் நிற்காது. கம்ப்யூட்டர் ஒரு நொடி தடுமாறித் தகவல் தரத் தவறினால் தட்டு வீண். 2000ல் சான்யோ நிறுவனம் இதற்கு மாற்று கண்டுபிடித்துவிட்டது. ஆனால் அண்ணாச்சி மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய டிரைவ் அதற்கு முந்தையது. ஆகவே வீட்டில் சட்டம் போடப்பட்டது. ரைட் ஆகும்போது யாரும் மவுஸைத் தொடக் கூடாது. மகன் கேம் ஆடக் கூடாது. மிக்ஸி ஓடினாலும் அவர் முகம் மாறும். மிக்ஸிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. வீணான தட்டுகள் பால்கனியில் நூலில் கட்டித் தொங்கின, புறாக்களை விரட்ட.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். பொறுமை உள்ள யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. 3 மணி நேரத்தை 74 நிமிடத்தில் அடைக்க முடியாது. மூன்று தட்டு ஆகும். பத்து சொந்தக்காரர்களுக்குத் தருவதென்றால் முப்பது தட்டு. ஒரு தட்டில் முடிக்க வழி உண்டா என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். முடியும். ஆனால் எதை வெட்டுவது?

மாதுங்காவில் பாலக்காட்டுக் குடும்பம் ஒன்று. மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் கல்யாணம் 1986ல். கேசட்டைக் கொண்டு வந்த இளையவர் தெளிவாக இருந்தார். "சாப்பாட்டுப் பந்தி, ரிசப்ஷன் க்யூ எல்லாத்தையும் எடுத்துடுங்கோ. முகூர்த்தம் மட்டும் போறும்." அண்ணாச்சி வெட்டுவதற்கு முன் ஒரு முறை முழுதாகப் பார்த்தார். மேடையில் இருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் பெரும்பாலோர் 2003ல் உயிரோடு இருந்தார்கள், ஆல்பத்திலும் இருந்தார்கள். பந்தியிலும் பரிசுக் க்யூவிலும் இருந்தவர்கள்தான் போய்விட்டவர்கள். கேமரா அவர்கள் பக்கம் திரும்பியதே அந்த ஒரு தடவைதான். வாயில் சோற்றோடு லைட் கண்ணைக் கூச, கையால் 'போ, போ' என்று விரட்டுகிற பெரியப்பா. இலையிலிருந்து நிமிராத பாட்டி. கவரைக் கொடுத்துவிட்டு எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் நிற்கும் பக்கத்து வீட்டு மாமி.

அவர் வெட்டவில்லை. மூன்று தட்டாகக் கொடுத்தார். இளையவருக்குக் கோபம். ஒரு வாரம் கழித்து மூத்தவரின் மனைவி போனில் கூப்பிட்டார். பாட்டியை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, மூன்றாவது தட்டையே தினமும் போடுகிறோம் என்றார். முகூர்த்தம் இருந்த தட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இன்னொரு வகைச் சேதத்துக்கு அண்ணாச்சியிடம் மருந்தே இல்லை. தொண்ணூறுகளில் கல்யாண வீடியோவுக்கு 'மிக்ஸிங்' என்று ஒன்று செய்தார்கள். மணமக்கள் முகம் இதய வடிவத்துக்குள் வரும், தாமரை விரிந்து அதிலிருந்து மாமனார் வெளிப்படுவார். அதோடு, பதிவான சத்தத்தை அழித்துவிட்டு மூன்று மணி நேரமும் சினிமாப் பாட்டு ஓட்டுவார்கள். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. காசு கொடுத்து அப்பாவின் குரலை அழித்துக்கொண்ட வீடுகள் எத்தனை என்பதை அவரிடம் வந்த கேசட்டுகளைப் பார்த்தால் தெரியும். மிக்ஸிங்குக்குப் பணம் இல்லாத வீட்டுக் கேசட்டுகளில்தான் ஆட்கள் பேசுகிறார்கள்.

2006 வாக்கில் டிவிடி ரைட்டர் அவர் கைக்கு எட்டியது. தட்டு அதே அளவு, கொள்ளளவு 4.7 ஜிபி. விசிடியில் ஒரு பிரேமுக்குச் சுமார் 1 லட்சம் புள்ளிகள் என்றால் இதில் 4 லட்சத்துக்கும் மேல். ரேஷனும் பல மடங்கு. தங்கையின் கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் புதிதாக ஏற்றினார். கெட்டிமேளம் வந்தது. அட்சதை பறந்தது, தனித் தனி அரிசியாக. பின்னால் சதுரமாகக் கலைந்திருந்தது அத்தையின் கன்னம்தான் என்பதும் தெரிந்தது. அத்தை அழுதுகொண்டிருந்தார்.

கேசட்டை அவர் வைத்திருந்ததால் இது நடந்தது. பலர் வைத்திருக்கவில்லை. 'அதான் சிடி ஆயிடுச்சே' என்று கேசட்டைப் பங்கார்வாலாவிடம் எடைக்குப் போட்டார்கள். மாதுங்காவில் போட்ட பிளாஸ்டிக் பல கை மாறித் தாராவி 13 காம்பவுண்டுக்கு வந்து அரைபட்டிருக்கலாம். அந்த வீடுகளில் கல்யாணம் இனி என்றைக்கும் சதுரங்கள்தான். நகல் எடுத்தவுடன் மூலத்தைத் தூக்கிப் போடும் புத்தி படித்தவர்களுக்கும் உண்டு. 1969ல் நிலவில் மனிதன் நடந்ததன் மூலப் பதிவு நாடாக்களைத் தேடிக் களைத்த நாசா, அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு 2009ல் வந்தது. மும்பைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931ல் இதே நகரத்தில்தான் எடுக்கப்பட்டது. அர்தேஷிர் இரானி தயாரிப்பு, எச்.எம். ரெட்டி இயக்கம், டி.பி. ராஜலட்சுமி நாயகி. இன்று அதன் ஒரு பிரிண்டும் இல்லை. அதே ஆண்டு, அதே இரானி எடுத்த 'ஆலம் ஆரா'வும் இல்லை.

தட்டாவது நிலைத்ததா? சிடி என்றால் நூறு வருஷம் என்று அப்போது கடைக்காரர்கள் சொன்னார்கள். சினிமா கம்பெனி அச்சடித்துத் தருகிற தட்டு வேறு, வீட்டில் எழுதும் தட்டு வேறு. வீட்டுத் தட்டில் லேசர் எழுதுவது ஒரு சாயத்தின் மீது. வெயிலும் சூடும் ஈரமும் பட்டால் சாயம் போகும். பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்தி வைத்தார்கள். சிடியில் உண்மையில் பலவீனமானது பெயர் எழுதுகிற மேல்பக்கம். சாயமும் அதன் மேல் உலோகப் பூச்சும் அங்கேதான், மெல்லிய அரக்குக்கு அடியில் இருக்கின்றன. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி 'சுப முகூர்த்தம், பாகம் 2' என்று எழுதியவர்கள் அந்த எழுத்தாலேயே கல்யாணத்தைக் கீறினார்கள்.

தொழிலும் நிற்கவில்லை. 1983ல் டெல்லியில் தொடங்கிய மோசர் பேயர், உலகின் பெரிய தட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. 2007ல் சினிமா விசிடியை ரூ 28க்கு விற்றுத் திருட்டு விசிடிக்காரர்களையே திகைக்க வைத்தது. 2018ல் கம்பெனியைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016ல் உற்பத்தியை நிறுத்தியது. புது லேப்டாப்களில் தட்டு போட வாயே இல்லை. அண்ணாச்சியின் இப்போதைய விசிஆர் சோர் பஜாரில் வாங்கியது. இரண்டு பழைய மெஷின்களைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்தது.

அந்த மெஷினுக்குக் கடைசியாக வந்த கேசட்டுகளில் ஒன்று தாராவியிலிருந்து வந்தது. வந்ததற்குக் காரணம் கல்யாணமோ சாவோ இல்லை, கணக்கெடுப்பு. தாராவியை இடித்துக் கட்டும் டெண்டரை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருப்பவர் என்று காட்டினால்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. 90 அடி ரோட்டுப் பக்கம் ஒவ்வொரு வீட்டிலும் பழைய பெட்டிகள் திறக்கப்பட்டன. ரேஷன் கார்டு, கரண்ட் பில், பள்ளிக்கூடச் சான்றிதழ். இட்லி வியாபாரம் செய்யும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரின் டிரங்குப் பெட்டியில் இவற்றுக்கு அடியில் ஒரு கேசட் இருந்தது. 1991ல் நாங்குநேரிப் பக்கம் நடந்த அவருடைய கல்யாணம். 2005 வெள்ளத்தில் நனைந்தது. கெட்டுப் போனதென்று 19 வருஷம் அவர் அதைத் தொடவில்லை. தூக்கியும் போடவில்லை.

"அப்பா போட்டோ இருக்கு அண்ணாச்சி. குரல்தான் எங்கயும் இல்ல" என்றார்.

அண்ணாச்சி நாடாவை வெளியே இழுத்துப் பார்த்தார். ஆறு நாள் வேலை. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அங்குலம் அங்குலமாகத் துடைத்து, புதிய கேசட் கூட்டுக்குள் மாற்றி ஓட்டினார். படம் நிற்கவில்லை. உருண்டது, கிழிந்தது, நீலமானது. ஆனால் சத்தம் வந்தது, கணீரென்று. அவருக்குக் காரணம் புரிய நேரமாகவில்லை. விஎச்எஸ் நாடாவில் சத்தம் பதிவாவது மேல் ஓரத்தில். படத்தைப் பிடித்து நிறுத்தும் சமிக்ஞை கீழ் ஓரத்தில். கேசட் பெட்டிக்குள் படுத்துக் கிடந்தது. வெள்ளம் அதன் பாதி உயரத்துக்கு வந்து நின்றிருக்கிறது.

மிக்ஸிங் செய்யாத கேசட். மணமேடைப் பகுதியில் நாதஸ்வரம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பந்தியில்தான் கிடைத்தது. கரண்டிகள் வாளியில் இடிக்கும் சத்தம், ஜெனரேட்டர் இரைச்சல், நடுவில் ஓர் ஆண் குரல்: "ஏல, கடைசி எலைக்குச் சோறு வரலல்லா? போ, போ, ஓடு." அந்தக் குரல் போய்விட்டு வருகிறது. யாரையோ உட்காரச் சொல்கிறது. யாரையோ திட்டுகிறது. மொத்தம் நாலு நிமிடத்துக்கும் சற்று அதிகம். மகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பெண் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். மறுபடி வைக்கச் சொன்னார். மூன்றாவது முறை சிரித்தார். இரைச்சலைக் கம்ப்யூட்டரில் குறைத்துவிடலாம், குரல் இன்னும் சுத்தமாகக் கேட்கும் என்று அண்ணாச்சி சொன்னார்.

"வேண்டாம் அண்ணாச்சி. கரண்டிச் சத்தம் இல்லாட்டி அப்பா எங்கயோ தனியா நின்னு கத்துற மாதிரி இருக்கும்."

அப்படியே போனில் ஏற்றிக் கொடுத்தார். பென் டிரைவ் ஒன்றிலும், ஊரிலிருக்கும் தம்பிக்கு இன்னொன்றிலும். தட்டு கேட்கவில்லை, போட்டுக் கேட்க யாரிடமும் பிளேயர் இல்லை. கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கவும், பெட்டிக்குள் வேண்டாம், பரண் மேலே வைக்கவும் சொன்னார்.

"வீட்டையே இடிக்கப் போறாங்க. பரணுக்கு எங்க போறது?"

கேசட் இப்போது செம்பூரில், அவருடைய இரும்பு அலமாரியின் மேல் தட்டில் நிற்கிறது. முதுகில் பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'தாராவி, 1991. புது வீடு கிடைத்ததும் கொடுக்க வேண்டியது.'